ரப்பர் புஷ்ஷா, பாலியூரிதேன் புஷ்ஷா?

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்சக்கரப் பக்கம் 'டொக்' என்று சத்தம் வந்தால், லோயர் ஆர்ம் புஷ்ஷையும் மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கைதான் லோயர் ஆர்ம்; அதன் மூட்டில், ஓர் உலோக உள்குழாயைச் சுற்றி மெத்தைபோல் இருக்கும் உருளைதான் புஷ். கடப்பாரையை இடுக்கில் கொடுத்து மெல்ல நெம்பினால், உள்குழாயை விட்டு ரப்பர் பிரிந்திருப்பது கண்ணுக்கே தெரியும். மேற்பரப்பில் மயிரிழை வெடிப்பு மட்டும் என்றால் அவசரமில்லை.

தினமும் அலுவலகம் போய்வரும் காருக்கு ரப்பர்தான் என் தேர்வு. அதிர்வை விழுங்கிக்கொள்ளும், கிரீஸ் கேட்காது. ஆனால் பொருத்துவதில் ஒரு நுட்பம் உண்டு. ரப்பர் உலோகக் குழாயோடு ஒட்டியே இருப்பதால், ஆர்ம் அசையும்போது முறுக்கிக்கொள்ளும். கார் ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், தரையில் இறக்கிய பிறகும் புஷ் எப்போதும் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழியும். சக்கரங்கள் எடையைத் தாங்கி நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. பக்கத்தில் நின்று இதைக் கேட்டுச் செய்துவாங்குங்கள்.

ரப்பரைவிட விறைப்பான பிளாஸ்டிக் வகையான பாலியூரிதேன், பெரும்பாலும் உள்குழாயைச் சுற்றிச் சுழலும். அந்தச் சிக்கல் இல்லை. எண்ணெய்க் கசிவையும் நன்றாகத் தாங்கும், வளைவுகளில் ஸ்டீயரிங் துல்லியமாக இருக்கும். பதிலுக்குச் சாலையின் கரடுமுரடு உடம்புக்கு வரும். சிலிக்கோன் கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். மலைப்பாதையில் விரட்டி ஓட்டுபவருக்குப் பொருந்தும். முதியவர்கள் பயணிக்கும் காருக்கு வேண்டாம்.

எதைப் போட்டாலும் வீல் அலைன்மென்ட் பார்த்த பிறகே வண்டியை எடுங்கள்.