புது வேலையின் இரைச்சலும் ஓர் ஒலிதணிப்பு ஹெட்ஃபோனும்: ஆறு மாத அனுபவம்

பெங்களூரில் புது வேலையில் சேர்ந்து மூன்று வாரம் முடிந்த சனிக்கிழமையன்று சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4 ஹெட்ஃபோனை வாங்கினேன். இதன் இசைத் தரத்தைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். ஒலியையும் ஒளியையும் எதிரிலிருப்பவரின் முகக்குறிப்பையும் பிறரைவிட ஆழமாக உள்வாங்கிக்கொள்ளும் இயல்புள்ள ஒருவர், புது அலுவலகத்தின் முதல் மாதங்களைக் கடக்க இது எந்த அளவுக்குத் துணை செய்யும் என்பதைத் தமிழில் நான் எங்கும் படிக்கவில்லை. ஆகவே ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

அமெரிக்க உளவியலாளர் எலைன் ஏரன் 1990-களில் இந்த இயல்பை ஆராய்ந்து, இவ்வியல்புள்ளவர்களுக்கு ‘மிகு உணர்திறன் கொண்டவர்’ (Highly Sensitive Person) என்று ஒரு பெயரும் கொடுத்தார். அது நோயோ குறைபாடோ அல்ல, பிறவியிலேயே அமையும் மனப்பாங்கு என்பதும், நூற்றுக்கு 15 முதல் 20 பேரிடம் அது இருக்கலாம் என்பதும் அவருடைய கருத்து. நம் வீடுகளில் ‘தொட்டாற்சிணுங்கி’ என்று பெயர் வாங்கிய பிள்ளைகளில் பலர் இவ்வகையினராக இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நானும் அந்தப் பெயரோடு வளர்ந்த பிள்ளைதான்.

என் அலுவலகம் ஒயிட்ஃபீல்டு பகுதியில் இருக்கிறது. தடுப்பில்லாத ஒரே கூடத்தில் ஏறத்தாழ இருநூறு பேர் அமர்கிறோம். யாருக்கும் நிரந்தர இடம் கிடையாது, காலையில் கிடைத்த மேசைதான் அன்றைய மேசை. புதிதாகச் சேர்ந்தவருக்குப் பெயர்கள், மென்பொருள்கள், எதை யாரிடம் கேட்க வேண்டும் என்ற நடைமுறை என எல்லாமே ஒரே வாரத்தில் வந்து குவியும். அதன் மேல் தலைக்கு நேர் மேலே இருக்கும் ஏசியின் இரைச்சலும், பின்னால் நடப்பவர்களின் காலடிச் சத்தமும், எங்கிருந்தோ வரும் சிரிப்பும் சேர்ந்துகொண்டபோது, மாலையில் வீடு திரும்பியதும் விளக்கைக்கூடப் போடாமல் அரைமணி நேரம் படுத்துக் கிடப்பேன். செய்த வேலை அவ்வளவு அதிகமில்லை. அங்கே உட்கார்ந்திருந்ததே என்னைக் களைப்பாக்கியது.

இந்தக் கருவியின் வெளிப்புறத்தில் உள்ள மைக்குகள் சுற்றுப்புற ஒலியை வாங்க, உள்ளே இருக்கும் சில்லு அதற்கு நேரெதிரான அலையை உண்டாக்கிக் காதுக்குள் செலுத்துகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஏசி, மின்விசிறி, ரயில் போன்றவற்றின் தாழ்ந்த, சீரான ஒலிகளில் இந்த முறை மிக நன்றாக வேலை செய்யும். திங்கட்கிழமை மேசையில் அமர்ந்து இதை இயக்கியபோது, கூடத்துக்கு அப்படி ஓர் உறுமல் இருந்ததே அது நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தோள்கள் தாமாகவே இறங்கின. நாள் முழுவதும் நான் கவனிக்காமலே சுமந்திருந்த பாரம் அது.

மனிதக் குரல் வேறு சங்கதி. சட்டென்று எழுந்து மாறிக்கொண்டேயிருக்கும் ஒலியை எதிரலையால் முழுவதும் அழிப்பது கடினம். பேச்சு மெலிந்து கேட்குமே தவிர மறையாது. எங்கள் கூடத்தில் கன்னடம், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் எல்லாம் ஒலிக்கின்றன. அரைகுறையாகப் புரியும் மொழிகளை மனம் ஒதுக்கிவிடுகிறது. ஆனால் நான்கு மேசை தள்ளி யாராவது தமிழில் தொலைபேசியில் பேசினால், அவர் வீட்டு வாடகைப் பிரச்சினை முழுவதும் என் தலைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். தாய்மொழிக்குக் காதை மூடிக்கொள்ள என்னால் முடிவதில்லை. ஒலிதணிப்போடு மழைச் சத்தத்தை மிகத் தாழ்வாக ஓடவிட்டபோது பேச்சின் சொற்கள் கலங்கிப்போயின. அதற்குப் பிறகுதான் ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் படிக்க முடிந்தது.

புதியவர்களை எச்சரிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வாங்கிய உற்சாகத்தில் முதல் பத்து நாள் காலை முதல் மாலை வரை இதைக் கழற்றவே இல்லை. வேலூரிலிருந்து வந்த சக ஊழியர் ஒருவர், “நீங்க காதுல மாட்டிக்கிட்டே இருக்கறதால உங்களைக் கூப்பிடவே தயக்கமா இருக்குங்க” என்று தணிந்த குரலில் சொன்னபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. என் பாதுகாப்புக்கு நான் எழுப்பிய சுவரை, எனக்கு வேலை கற்றுத்தர வேண்டியவர்கள் வேறு விதமாகப் படித்திருக்கிறார்கள். மறுநாளே குழுத்தலைவரிடம் இரைச்சல் என்னைச் சோர்வடையச் செய்கிறது என்றும், மதியம் இரண்டு முதல் நான்கு வரை மட்டும் இதை அணிகிறேன் என்றும், அப்போதும் மேசையைத் தட்டி அழைக்கலாம் என்றும் சொன்னேன். என் இயல்பின் பெயரையோ வரலாற்றையோ விளக்கவில்லை. விளக்க வேண்டிய தேவையும் வரவில்லை. காலை நேரத்தை, கஷ்டமாக இருந்தாலும், ஆட்களுக்காக வெறுங்காதோடு விட்டுவைத்தேன். வலக்காதை மூடும் பகுதியை வெளியிலிருந்து உள்ளங்கையால் மூடினால் வெளியொலி உடனே கேட்கும் வசதியும் கைகொடுக்கிறது; ஆனாலும் பேச வருபவரைப் பார்த்ததும் முழுவதுமாகக் கழற்றிவிடுவதே மரியாதை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எடை 254 கிராம். ஒலிதணிப்போடு 30 மணி நேரம் ஓடும் என்கிறது நிறுவனம். நான் வாரத்துக்கு ஒரு முறைதான் மின்னேற்றுகிறேன். மடிகணினி, கைப்பேசி இரண்டோடும் ஒரே சமயத்தில் இணையும். 2020-இல் வந்த மாதிரி இது. 2022-இல் வந்த அடுத்த மாதிரியான எக்ஸ்எம்5 இதைப்போல் மடங்குவதில்லை என்பதால், சாப்பாட்டுப் பையில் அடங்கும் இதையே தேர்ந்தெடுத்தேன். காதை முழுவதும் மூடும் எந்த ஹெட்ஃபோனையும்போல ஏப்ரல் வெயிலில் வியர்க்கும். ஒலிதணிப்புக் கருவி எதுவானாலும் சிலருக்குக் காதுக்குள் அழுத்தம்போல் தோன்றுவதுண்டு; ஆகவே கடையில் கால்மணி நேரமாவது போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சாலையைக் கடக்கும்போது தயவுசெய்து அணியாதீர்கள்.

இதனால் ஆகாதவையும் உண்டு. குழுத்தலைவர் காலையில் முகம் கொடுத்துப் பேசவில்லையென்றால் நான் என்ன தவறு செய்தேன் என்று மதியம் வரை உழல்வது இன்னும் தீரவில்லை. என் வேலையில் பிழை சுட்டப்பட்டால் அந்த ஒரு வரியைப் பத்துத் தடவை படிக்கிறேன். அதற்கு உதவியது, ‘இதை எப்படிச் செய்திருந்தால் சரி?’ என்று அன்றே நேரில் கேட்டுவிடும் பழக்கம்தான். இரைச்சலில் கரையாத வலு கொஞ்சம் மிச்சமிருந்ததால்தான் அப்படிக் கேட்கும் துணிவும் வந்தது என்பதே இந்தக் கருவிக்கு நான் தரும் உண்மையான பாராட்டு.

தள்ளுபடியில் 20,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்தேன். முதல் சம்பளம் வாங்குபவருக்கு இது பெரிய தொகை. அவர்கள் மருந்துக்கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் நுரைக் காதடைப்பானை முதலில் முயன்று பார்க்கலாம், சாப்பாட்டுக் கூடத்துக்கு இன்றும் நான் அதைத்தான் எடுத்துப் போகிறேன். ஹெட்ஃபோனுக்கு இப்போது அதிக வேலை மெட்ரோவில்தான். பட்டந்தூர் அக்ரஹாரா நிலையத்தில் ஊதா வழித்தட ரயிலில் ஏறியதும் பாட்டு எதுவும் இல்லாமல் ஒலிதணிப்பை மட்டும் இயக்கி, ஹலசூரு வரும் வரை கண்ணை மூடிக்கொள்கிறேன். இப்போதெல்லாம் வீட்டுக்குள் நுழைந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு, ஊரில் இருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசுகிறேன்.