அக்காவின் அறுவை சிகிச்சையும் ஊரில் நான் இருந்த ஆறு வாரங்களும்

மார்பகப் புற்றுநோய் என்று பயாப்சி முடிவு வந்த மூன்றாம் நாள்தான் அக்கா எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். ஆறு வார விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அறுவை சிகிச்சைக்கு நான்கு நாட்கள் முன்னதாக ஊர் போய்ச் சேர்ந்தேன். இதே காரணத்துக்காக வெளிநாட்டிலிருந்து ஊருக்கு ஓடிவர நேரும் தங்கைகளும் மகள்களும் மருத்துவமனையில் என்னென்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அறுவை சிகிச்சை எந்தக் குறையும் சொல்ல முடியாதபடி நடந்தது. அதன் பிறகு வீட்டில் நடக்க வேண்டியதைக் கற்றுக்கொடுப்பதில்தான் அந்த மருத்துவமனை தவறியது.

அறுவைக்கு முந்தைய ஆலோசனையில், மார்பகத்தை முழுவதும் எடுக்க வேண்டும் என்று அறுவை மருத்துவர் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. கட்டியையும் அதைச் சுற்றியுள்ள சிறிதளவு திசுவையும் மட்டும் எடுத்துவிட்டு, பிறகு கதிர்வீச்சு கொடுக்கும் முறையும் இருக்கிறதே என்று நான் கேட்டேன். அப்போதுதான், கட்டி ஒன்றல்ல, இரண்டு என்பதும், அவை ஒன்றுக்கொன்று தள்ளி வெவ்வேறு பகுதிகளில் இருப்பதும் எங்களுக்குத் தெரியவந்தது. அக்காவுக்கு முழு நீக்கம் பொருத்தமான முடிவுதான். ஆனால் முழுவதும் எடுத்தால்தான் உயிர் பிழைக்கலாம் என்ற எண்ணம் பலரிடம் இருப்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பர்ட்டோ வெரோனேசியும் தனித்தனியே நடத்திய ஆய்வுகளின் 20 ஆண்டுக்காலத் தொடர் முடிவுகள் 2002-இல் வெளியாயின. தொடக்க நிலைப் புற்றுநோயில், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெற்ற பெண்களும் மார்பகத்தை முழுவதும் எடுத்துக்கொண்ட பெண்களும் ஒரே அளவில்தான் உயிர் வாழ்ந்திருந்தார்கள். தேர்வு செய்ய இடமிருக்கும் பெண்ணிடம் இதைச் சொல்லாமல் கையொப்பம் வாங்குவது நியாயமில்லை என்று நான் நினைக்கிறேன்.

அக்காவின் இன்னொரு பயம், நெஞ்சுத் தசையையும் சேர்த்து எடுத்துவிடுவார்களோ என்பது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் ஹால்ஸ்டெட் பரப்பிய முறையில் மார்புத் தசைகளையும் அக்குள் நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) மொத்தமாக வழித்து எடுத்தார்கள். அதனால் பல பெண்களுக்குக் கை வீங்கி, தோள் இறுகிப்போனது. இன்று வழக்கமாகச் செய்யும் அறுவையில் தசை அப்படியே இருக்கும். அக்குளிலும், முதலில் ஒரு நீலச் சாயத்தைச் செலுத்தி, மார்பிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஓரிரு நெறிகளை மட்டும் எடுத்துச் சோதிக்கிறார்கள். அக்காவுக்கு அந்த நெறிகளில் இரண்டில் நோய் இருந்ததால் அக்குள் நெறிகளையும் அதே மயக்கத்தில் எடுத்தார்கள். மறுநாள் காலை அவளுக்குச் சிறுநீர் நீலப் பச்சையாகப் போனது. சாயம் வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும் என்று முன்பே ஒரு வரி சொல்லியிருந்தால், அவள் கழிவறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நடுங்கியபடி நின்றிருக்க மாட்டாள்.

மூன்றாம் நாள், நெஞ்சில் ஒன்றும் அக்குளில் ஒன்றுமாக இரண்டு குழாய்களோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். தோலுக்கு அடியில் ஊறும் நீரை இழுத்து வெளியேற்றும் இந்தக் குழாயை டிரெயின் என்கிறார்கள். அதன் நுனியில் கையடக்கமான, அமுக்கினால் சுருங்கும் ஒரு பிளாஸ்டிக் குடுவை தொங்கும். அச்சிட்ட ஒரு தாளைக் கொடுத்து, தினமும் அளந்து எழுதுங்கள் என்று மட்டும் சொன்னார்கள். நாங்களும் காலையும் மாலையும் அளவுக் கோப்பையைக் கண் மட்டத்தில் வைத்து, நோட்டில் எழுதிவந்தோம். முதல் நாள் வீட்டில் 90 மில்லி. அடுத்த நாள் 20 மில்லி மட்டுமே. புண் ஆறிவிட்டது என்று அத்தானும் நானும் மகிழ்ந்தோம்.

உண்மையில் அது ஆறியதால் குறையவில்லை. குடுவையைக் காலி செய்த பிறகு, அதை நன்றாக அமுக்கி, அமுக்கிய நிலையிலேயே மூடியைப் போட வேண்டும். அப்படிச் சுருங்கியிருக்கும் குடுவை விரியப் பார்க்கும்போதுதான் உள்ளிருக்கும் நீரை இழுக்கும். நான் மூடியைப் போட்டபோது குடுவை காற்றோடு உப்பியே இருந்தது. நீர் வெளியே வராமல் அக்குளில் தேங்கி, விடிவதற்குள் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துவிட்டது. மருத்துவமனை எண்ணை அழைத்தால் வரவேற்பு மேசைதான் எடுத்தது. வார்டுக்கு இணைப்புக் கொடுக்க முடியாது என்றார்கள். நேரில் போனோம். கட்டு மாற்றும் அறையில் இருந்த ஒரு செவிலியர் அக்காவை உட்காரவைத்து, தோலுக்கு அருகில் குழாயை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையின் ஈரமான விரல்களால் குழாயைக் கீழ்நோக்கி வழித்துக் காட்டினார். கரும்புழு போல ஒரு இரத்தக் கட்டி நழுவிக் குடுவையில் விழுந்தது. அதன் பின்னால் நீர் சரசரவென்று இறங்கியது. பிறகு என்னையும் ஒரு முறை செய்ய வைத்துப் பார்த்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிடத்தை வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே கொடுத்திருக்க வேண்டும் என்பதே என் முதல் மனக்குறை.

நீர் சிவப்பிலிருந்து இளஞ்சிவப்பாகி, பிறகு வைக்கோல் நிறத்துக்கு வரும் என்றும், ஒரு நாளில் 30 மில்லிக்குக் கீழே தொடர்ந்து வந்தால் குழாயை எடுப்பார்கள் என்றும் அவர்தான் சொன்னார். நெஞ்சுக் குழாயை ஏழாம் நாளும் அக்குள் குழாயைப் பதினான்காம் நாளும் எடுத்தார்கள். குழாய் எடுத்த பின்னும் சிலருக்குத் தோலுக்கடியில் நீர் கோக்கும். தேவைப்பட்டால் ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள், அது ஆபத்தானதல்ல. ஆனால் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ், திடீர் வீக்கம் ஆகியவற்றில் எது கண்டாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

கட்டைப் பிரித்த அன்று அக்கா கண்ணாடியைத் திருப்பிவைக்கச் சொன்னாள். நான் திருப்பினேன். பாருங்கள், பழகிக்கொள்ளுங்கள் என்று அந்த நேரத்தில் யாரும் வற்புறுத்தாமல் இருந்தது நல்லதாயிற்று. நான்கு நாட்கள் கழித்து, குளித்துவிட்டு வரும்போது அவளே பார்த்தாள். அக்குளிலிருந்து நெஞ்செலும்பை நோக்கிச் சாய்வாக ஓடும் ஒரு கோடு, அதன் இரு பக்கமும் சற்றுச் சுருங்கிய தோல். "நினைத்ததைவிடச் சமமாக இருக்கிறது" என்றாள். பிறகு நெடுநேரம் அழுதாள். நானும் கூடவே உட்கார்ந்திருந்தேன். மேல் கையின் உட்புறம் மரத்துப்போயிருப்பதையும், இல்லாத மார்பில் அரிப்பு எடுப்பதையும் அன்றுதான் வாய்விட்டுச் சொன்னாள். இரண்டும் நரம்புகள் வெட்டுப்படுவதால் வருபவை. மரப்பு சிலருக்கு நிரந்தரமாகவே தங்கிவிடுகிறது.

இந்தப் பயணத்தில் நான் கண்ட மிகச் சிறந்த சேவை பிசியோதெரபிஸ்ட் அளித்தது. அறுவைக்கு மறுநாளே வந்து, விரல்களை மூடித் திறப்பது, முழங்கையை மடக்குவது என்று தொடங்கிவைத்தார். குழாய் இருக்கும்வரை கையைத் தோள் மட்டத்துக்கு மேலே தூக்க வேண்டாம், ஆனால் உடலோடு ஒட்டியே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும் என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னார். குழாய்கள் எடுத்த பிறகு சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் மெல்ல மெல்ல மேலேறும் பயிற்சி. தினமும் எட்டிய உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டோம். மூன்றாம் வாரம் அக்குளிலிருந்து முழங்கை நோக்கி, தோலுக்கடியில் நூல் இழுத்துக் கட்டியதுபோல் ஒரு நாண் விறைத்துக் கோடு ஏறவிடாமல் செய்தது. இது நெறி எடுத்தவர்களுக்கு அடிக்கடி வருவதுதான் என்று சொல்லி, பயிற்சியை நிறுத்தாமல் நீவிவிடக் கற்றுக்கொடுத்தார்.

கை வீக்கத்தைப் பற்றியும் அவர்தான் பேசினார். ஓரிரு நெறிகளை மட்டும் எடுத்தவர்களில் ஏறக்குறைய இருபதில் ஒருவருக்கும், அக்குள் நெறிகளை எல்லாம் எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் நிணநீர் தேங்கிக் கை வீங்குகிறது. அது மாதங்கள் கழித்தோ ஆண்டுகள் கழித்தோகூட வரலாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் அழுத்த உறை அணிந்தும் நீவிவிட்டும் கட்டுக்குள் வைக்கலாம். அதற்கு அறுவைக்கு முன்பே இரு கைகளின் சுற்றளவையும் அளந்து வைத்திருக்க வேண்டும். யாரும் அளக்கவில்லை. நீங்கள் போகிறீர்கள் என்றால் ஒரு தையல் டேப்பை எடுத்துப் போய், முழங்கைக்கு மேலும் கீழும் பத்து சென்டிமீட்டரில் நீங்களாவது அளந்து எழுதிவையுங்கள்.

செயற்கை மார்பகம் பற்றிக் கேட்டதற்கு, புண் ஆற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், அதுவரை உள்ளாடைக்குள் பஞ்சாலான மெத்தென்ற ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு அணியும் சிலிக்கோன் மார்பகத்துக்கு எடை உண்டு. அந்த எடை இரு தோள்களையும் சமமாக வைத்திருக்க உதவும். சொந்தத் திசுவால் மார்பகத்தை மீட்டமைக்கும் அறுவையை, கதிர்வீச்சு முடிந்த பின் யோசிக்கலாம் என்று அக்கா தள்ளிவைத்திருக்கிறாள்.

ஐந்தாம் வாரம் கீமோ தொடங்கியது. அது முடிந்து கதிர்வீச்சுக்குப் போகும்போது, கையைத் தலைக்கு மேல் வைத்து அசையாமல் படுக்க வேண்டும். நான் புறப்பட்ட காலை அக்கா சுவரருகே நின்று கோடு போட்டாள். அறுவை செய்த கையின் கோட்டுக்கும் மற்றக் கையின் கோட்டுக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி இருந்தது. அளவு எழுதும் நோட்டை அத்தானிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.