உள்ளறை கழன்று வரும் கைப்பை: சில மாதப் புழக்கத்துக்குப் பிறகு

விற்பவர்கள் சொல்லும் காரணத்துக்காக இந்தப் பையை வாங்கினால் ஏமாற்றம்தான். அவர்கள் சொல்லாமல் விட்ட காரணங்களுக்காக வாங்கினால் நல்ல பை. காலையில் அலுவலகம், மாலையில் விருந்து, உள்ளறையை மட்டும் மாற்றினால் போதும், ஒரே பை பத்துப் பையாகிவிடும் என்கிறது விளம்பரம். சில மாதமாகத் தினமும் தோளில் மாட்டிக்கொண்டு போகிறேன். அந்தப் பத்துப் பை எங்கே என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பையைத் திருப்பித் தரும் எண்ணம் இல்லை.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே அமைப்பில் பலர் செய்கிறார்கள். நான் சொல்லும் நிறையும் குறையும் பெரும்பாலும் அந்த அமைப்புக்கே உரியவை.

வெளிக்கூடு தடித்த கான்வாஸ், அடிப்பாகம் மட்டும் ரெக்சின். 38 செ.மீ. அகலம், 28 செ.மீ. உயரம், 12 செ.மீ. ஆழம். வெறும் கூடாகத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை, ஒரு சின்னப் பாக்கெட்கூட. நீளவாட்டுச் சுவர்கள் இரண்டிலும் மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே ஒரு கெட்டி நாடா ஓடுகிறது. அதில் இடைவெளி விட்டு டிச் பட்டன்கள், அவற்றுக்கு நடுவே துணிக்குள் மறைத்துத் தைத்த காந்தங்கள். இதில் மாட்டுவதற்கு மூன்று உள்ளறைகள் தருகிறார்கள்: மடிக்கணினிக்கு ஒரு மெத்தை உறை, பாக்கெட்டுகள் நிறைந்த நடு அறை, உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய ஒரு ஜிப் பை. வேறு உள்ளறைகள் வேண்டுமென்றால் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

என் வேலை கணக்குத் தணிக்கை. ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும் வேலை இல்லை, இன்று ஓர் அலுவலகம், அடுத்த வாரம் வேறொன்று. வார இறுதியில் ஓவிய நோட்டும் பென்சில்களும் எடுத்துக்கொண்டு எங்காவது போவேன். இதற்கெல்லாம் மேலே, எனக்கு டைப் 1 சர்க்கரை நோய். இன்சுலின் பேனா, ஊசிகள், குளுக்கோமீட்டர், ஸ்டிரிப் டப்பா, சர்க்கரை இறங்கினால் போட்டுக்கொள்ளக் குளுக்கோஸ் மாத்திரை, இவ்வளவும் நான் எந்தப் பையோடு போனாலும் கூடவே வந்தாக வேண்டும். இந்தப் பையில் எனக்குப் பிடித்ததெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. அந்தச் சின்ன ஜிப் பையில் முழுச் சரக்கும் அடங்கிவிடுகிறது. பெரிய பையை வீட்டில் விட்டுச் சின்னப் பையோடு கிளம்பும்போது ஒவ்வொரு பொருளாகப் பொறுக்கி மாற்றும் வேலை இல்லை. பட்டனைப் பிடுங்கி அப்படியே தூக்கி அடுத்த பையில் போட்டால் முடிந்தது.

ஒரு விஷயத்தைக் கவனித்தேன். பெரும்பாலான இன்சுலின் பேனாக்களைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு 30 டிகிரிக்குக் குறைவான வெப்பத்தில் சுமார் 4 வாரம் வெளியே வைத்துக்கொள்ளலாம். வகைக்கு வகை இது மாறும், பெட்டியில் போட்டிருப்பதுதான் கணக்கு. மடிக்கணினியில் வேலை பார்த்துவிட்டுச் சூடு ஆறும் முன்பே உறைக்குள் செருகுபவள் நான். பாக்கெட் நிலையாகத் தைக்கப்பட்ட பையில் மருந்துப் பாக்கெட் கணினியை ஒட்டி இருந்தால் இருந்ததுதான். இங்கே இரண்டு சுவரிலும் நாடா இருப்பதால் மருந்தை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டேன், நடுவில் காகிதங்கள். அறைகளை மாற்றலாம் என்பதில் எனக்குக் கிடைத்த உண்மையான பலன் இதுபோன்ற இடமாற்றம்தான். விருந்துக்கு வேறு அறை, வேலைக்கு வேறு அறை என்று நான் ஒருநாளும் மாற்றவில்லை.

சரி, மாட்டும் முறைக்கு வருவோம். இந்த வகைப் பையின் உயிர் அதில்தான் இருக்கிறது. அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் கழற்ற இரண்டு கை தேவைப்பட்டால் நாலாவது நாளே யாரும் கழற்ற மாட்டார்கள்.

வெல்க்ரோ எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் 1941இல் தன் நாயின் ரோமத்தில் ஒட்டிக்கொண்ட முள்காய்களைப் பார்த்துக் கண்டுபிடித்தது. ஒரு பக்கம் கொக்கி, மறுபக்கம் வளையம். கேமராப் பைகளில் இது அற்புதமாக வேலை செய்யும், ஏனென்றால் அங்கே உள்சுவர் முழுவதுமே வளையத் துணி, தடுப்பை எந்த இடத்தில் வேண்டுமானாலும் ஒட்டலாம். ஆனால் கைப்பைக்கு அது சரிப்படாது என்பேன். கொக்கிப் பக்கம் தலைமுடியையும் பஞ்சையும் சேர்த்துக்கொண்டே போய்ப் பிடிப்பை இழக்கும். நைஸ் துணி பட்டால் நூலை இழுத்துவிடும். அப்புறம் அந்தச் சத்தம். எல்லாரும் வாயை மூடி உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் பர்ரென்று பிரித்துப் பாருங்கள்.

ஜிப் வைத்து மாட்டும் பைகளும் உண்டு. பிடிப்பில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் முன்பக்கம் திறக்கும் ஸ்வெட்டரின் ஜிப் மாதிரி முனையைக் குழியில் செருகி ரன்னரை இழுக்க வேண்டும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத பை ஆழத்தில்.

என்னுடையதில் பட்டனும் காந்தமும் சேர்ந்திருக்கின்றன. முதலில் இது வீண் ஆடம்பரம் என்று தோன்றியது. பிறகுதான் அதன் கணக்கு புரிந்தது. காந்தத்தை நேராகப் பிடுங்கினால் வலுவாக எதிர்க்கும், பக்கவாட்டில் தள்ளினால் சுலபமாக வழுக்கிவிடும். உள்ளறையின் எடை கீழ்நோக்கி, சுவரை ஒட்டியே இழுக்கிறது, அதாவது காந்தம் தோற்கும் திசையில். ஆகவே வெறும் காந்தத்தில் தொங்கவிட்ட அறை நடக்க நடக்கக் கீழே இறங்கிவிடும். டிச் பட்டன் இதற்கு நேர் எதிர். சுவரை ஒட்டிய இழுப்பைத் தாங்கும், முன்பக்கமாகப் பிடித்து இழுத்தால் திறந்துகொள்ளும். இந்தப் பையில் காந்தம் அறையைச் சரியான இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது, ஒட்டியதும் பட்டன் எதிரெதிரே வந்து நிற்கிறது, கட்டைவிரலால் ஓர் அழுத்து. எடையைச் சுமப்பது பட்டன். பார்க்காமலே ஒரு கையால் மாட்டிவிட முடிகிறது. யார் யோசித்தார்களோ, அவர் தினமும் பை சுமப்பவராகத்தான் இருக்க வேண்டும்.

மடிக்கணினி உறையும் அதே நாடாவில்தான் தொங்குகிறது. அதன் அடி, பையின் அடியைத் தொடாமல் ஒன்றரை செ.மீ. மேலே நிற்கிறது. பையைத் தொப்பென்று தரையில் வைத்தாலும் கணினியின் மூலை அடிபடாது. இதைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வரிகூட இல்லை!

காந்தம் என்றால் சில எச்சரிக்கையும் உண்டு. பேஸ்மேக்கர் போன்ற கருவி உடலுக்குள் வைத்தவர்கள் வலுவான காந்தங்களைக் கருவியிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. நெரிசலில் பையை மார்போடு அணைத்துக்கொள்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். வங்கி அட்டைகளில் உள்ள சிப்புக்கு இந்தக் காந்தத்தால் ஒன்றும் ஆகாது. தங்கும் விடுதிகளில் தரும் காந்தப் பட்டை அட்டைச் சாவி மட்டும் சுலபமாக அழிந்துபோகும், அதைச் சுவரோரம் வைக்காதீர்கள். போனைக் காந்தத்தின் பக்கத்தில் வைத்தால் வரைபடத்தில் திசைகாட்டி எங்கெங்கோ சுற்றும். போனை நடு அறைக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

இனிக் குறைகள். முதலாவது இடம். ஒவ்வோர் அறைக்கும் சொந்தமாக இரண்டு சுவர், சுவருக்குள் ஃபோம். என்னுடையதில் ஒரு சுவர் 3 மி.மீ. இருக்கும். மூன்று அறையையும் அடுத்தடுத்து நிறுத்தினால் ஆறு சுவர், 18 மி.மீ. 12 செ.மீ. ஆழத்தில் அது 15 சதவீதம். தைத்த பாக்கெட் பையில் இதே தடுப்பு ஒற்றைத் துணியில் முடிந்திருக்கும். எடையும் அப்படித்தான். மூன்று அறையோடு, காலிப் பையே 1.2 கிலோ. தோள்வலி உள்ளவர்கள் கடையில் காலிப் பையை ஒருமுறை மாட்டிப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

அடுத்தது, அறைகளுக்கு இடையில் விழும் சந்து. மேலே கைப்பிடியைப் பிடித்துத் தூக்கியதும் கூடு லேசாக வளைகிறது, இரண்டு அறைக்கு நடுவே வாய் திறக்கிறது, சாவியோ பேனாவோ நேரே அந்தப் பாதாளத்தில் இறங்குகிறது. எடுக்க வேண்டுமானால் ஓர் அறையைக் கழற்ற வேண்டும். நடு அறையின் மேல் விளிம்பில் இருபுறமும் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துணி மடிப்பு வைத்திருந்தால் சந்து மூடியிருக்கும், பெரிய செலவில்லை. சாவிக்கு நாடாவில் ஒரு கொக்கி வளையம் நானே தைத்துக்கொண்டேன்.

மூன்றாவது, துவைக்கலாம் என்ற வாக்குறுதி. நடு அறையின் உட்புறம் வெளிர் சாம்பல் நிறம். அது நல்ல தேர்வு, உள்ளே கிடப்பது கண்ணுக்குத் தெரிகிறது. கறுப்பு லைனிங் போட்ட பைகளில் கறுப்பு வயரைத் தேடியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் மை கசிந்தால் அதுவும் நன்றாகவே தெரியும். கசிந்தது. துவைக்கலாம் என்று சீட்டில் எழுதியிருக்கிறது. தொட்டுப் பார்த்தால் அடியில் அட்டை. அது ஈரம் பட்டால் ஊறி நெளிந்துவிடும். தையலை ஒரு விரல் நீளம் பிரித்து, அட்டையை உருவிவிட்டு, மிதமான சோப்பில் கையால் அலசி நிழலில் காயவைத்தேன். அட்டைக்குப் பதில் பழைய பிளாஸ்டிக் ஃபைல் உறையை அளவாக வெட்டிச் செருகினேன். இப்போது எத்தனை முறை வேண்டுமானாலும் அலசலாம். வாங்கும் முன் அடியை அழுத்தி வளைத்துப் பாருங்கள். மொரமொரவென்றால் அட்டை, வளைந்து தானே நிமிர்ந்தால் பிளாஸ்டிக்.

இருந்தாலும் கழற்றி அலச முடிகிறதே, அதுதான் இந்தப் பையின் பெரிய நன்மை. பொதுவாகக் கைப்பையில் முதலில் சாவது வெளித்தோல் இல்லை, உள் லைனிங்தான். அதிலும் பாலியூரித்தேன் பூச்சு உள்ள லைனிங் என்றால், காற்றிலுள்ள ஈரம் அந்தப் பூச்சின் பிணைப்புகளை மெதுவாக அறுத்துவிடும். அலமாரியில் சும்மா கிடந்தாலும் சில வருடத்தில் பிசுபிசுத்து, செதில் செதிலாக உதிரத் தொடங்கும். வெளியே புதிது போலிருக்கும் எத்தனையோ பைகள் இதனால் குப்பைக்குப் போகின்றன. உள்ளறை தனி என்றால், போனதை எறிந்துவிட்டு வேறொன்று மாட்டிக்கொள்ளலாம்.

மாட்டிக்கொள்ளலாம்தான், கிடைத்தால். ஒரு நிறுவனத்தின் உள்ளறை இன்னொன்றின் கூட்டில் பொருந்தாது. பட்டன் இடைவெளி ஒவ்வொருவருக்கும் ஒன்று. அமெரிக்க ராணுவப் பைகளில் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். 1 அங்குல நாடா, 1 அங்குல இடைவெளி, ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு தையல், அவ்வளவுதான் விதி. அந்த அளவில் யார் தைத்த சிறுபையும் யார் தைத்த முதுகுப்பையிலும் ஏறும். இன்னும் பழைய உதாரணம் வேண்டுமென்றால், 17ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பியப் பெண்களின் பாக்கெட் உடையோடு தைத்ததாக இருக்கவில்லை. நாடாவில் கோத்து இடுப்பில் கட்டிக்கொள்வார்கள், பாவாடையில் கைவிட ஒரு கீறல். எந்த உடை மாற்றினாலும் அதே பாக்கெட். என் மருந்துப் பையும் அதே யோசனைதான். அது இன்னொரு பைக்குப் போக முடிகிறது என்றால் காரணம் பட்டனும் காந்தமும் அல்ல, அது சிறியது, சொந்தமாக மூடிக்கொள்கிறது, அவ்வளவே. மடிக்கணினி உறையை வேறு பையில் போட்டால் ஒன்று நுழையாது, இல்லையென்றால் உள்ளே ஆடும். வடிவமைப்பவர்கள் பெரிய அறைகளை விட்டுவிட்டு இத்தகைய சின்னப் பைகளில் இன்னும் நாலு வகை கொடுக்கலாம்.

மற்றவை சுருக்கமாக. மேல் ஜிப் 5ஆம் நம்பர், தாராளமாக ஓடுகிறது. தோள்பட்டி அகலம் போதும். நிறம் மங்கவில்லை. உள்ளறைகளைக் கழற்றி மேசையில் வைத்தால் நடு அறை தானாக நிற்கிறது, கணக்குப் பார்க்கும் இடத்தில் அதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு பையைக் காலடியில் தள்ளிவிடுகிறேன். ஜிப் பை நிற்காது, குப்புற விழுந்துவிடும்.

எப்போதும் கூடவே இருக்க வேண்டிய மருந்தோ, குழந்தைச் சாமானோ, கருவியோ உள்ளவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். போனும் சாவியும் பர்சும் மட்டும் எடுத்துப் போகிறவர்களுக்கு வேண்டாம், வீண் எடை. வாங்குவதாக இருந்தால் ஒரு கேள்வியை முதலில் கேட்டுவிடுங்கள்: இதே அளவு உள்ளறை இரண்டு வருடம் கழித்தும் கிடைக்குமா? நான் கேட்டதற்கு, அடுத்த வடிவத்தில் அளவு மாற வாய்ப்புண்டு என்று பதில் வந்தது. நடு அறையில் இன்னொன்று இப்போதே வாங்கிப் போட்டுவிட்டேன், அதிலும் அட்டைதான் இருக்கிறது.