சைலன்சரில் கரி படிந்தால் கன்வெர்ட்டரை மாற்றச் சொல்கிறார்கள்: பெங்களூர்க்காரர்கள் கவனம்

பெட்ரோல் கார் வைத்திருக்கும் பெங்களூர் நண்பர்களுக்கு. சைலன்சர் முனையில் கறுப்பாகக் கரி படிகிறது என்று கேரேஜுக்குப் போகிறீர்கள். எடுத்த எடுப்பிலேயே "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போச்சு" (புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்க சைலன்சர் குழாயில் இருக்கும் பாகம்) என்று சொன்னால், சாவியை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். என்னிடம் இதையே சொல்லித்தான் இந்திரா நகர்ப் பக்கம் ஒரு கேரேஜில் 38,000 ரூபாய் வாங்கினார்கள்.

வண்டி 2018 மாடல், பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ் 4 மாசு விதிப்படி செய்த) பெட்ரோல் ஹேட்ச்பேக். பின் பம்பரில் கரி தெறித்திருந்தது. பெட்ரோல் வாடை வந்தது, மைலேஜும் இறங்கியது. இன்ஜின் சூடேறும்வரை டாஷ்போர்டில் ஒரு நீல விளக்கு எரியும் அல்லவா, அது அல்சூரிலிருந்து மாரத்தஹள்ளி போய்ச் சேர்ந்த பிறகும் அணையவில்லை. எல்லாவற்றையும் சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் தருமபுரிக்காரர். "நம்ம ஊர்க்காரங்களுக்குத் தப்பு செய்வனாண்ணா?" என்றார். ஜாப் கார்டில் நீல விளக்கைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை, வண்டியின் கம்ப்யூட்டரைப் படித்துக் கோளாறு சொல்லும் ஸ்கேனரும் மாட்டவில்லை. முனையில் விரலைத் தேய்த்துக் காட்டி, "பாருங்கண்ணா எவ்ளோ கரி, இப்படியே ஓட்டினா இன்ஜினே போயிடும்" என்று பயமுறுத்தியதுதான் அவர் செய்த சோதனை.

கரியை உண்டாக்குவது கன்வெர்ட்டர் இல்லை. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் கூடினாலோ காற்று குறைந்தாலோ, எரியாத கார்பன் கரியாக வெளியே வரும். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகலாம், புகையை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரோ இன்ஜின் சூட்டை அளக்கும் கூலன்ட் சென்சாரோ கெட்டிருக்கலாம், ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றிருக்கலாம். கரி தொட்டால் பொடியாக உதிர்ந்தால் சந்தேகம் இந்தப் பக்கம் போக வேண்டும். பிசுபிசுவென்று எண்ணெயாக ஒட்டினால் இன்ஜின் ஆயில் எரிகிறது, அது வேறு வேலை. குறுகிய தூரமே ஓடும் வண்டிகளிலும், பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிகளிலும் மெல்லிய கரி படிவது சகஜம், அதற்குச் செலவே வேண்டாம். கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டால் வண்டி இழுக்காது, மேட்டில் திணறும். என் வண்டி ஹெப்பால் மேம்பாலத்தில் சிரமமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. கன்வெர்ட்டர் உண்மையிலேயே கெட்டிருந்தாலும், பெட்ரோல் கூடுதலாகப் போகும் காரணத்தைச் சரிசெய்யாமல் புதிது மாட்டினால் அதுவும் சீக்கிரமே கெட்டுப்போகும். இது தெரியாத மெக்கானிக் இருக்க முடியாது.

டெலிவரி எடுக்கும்போது பழைய கன்வெர்ட்டரைக் கேட்டேன். "ஸ்கிராப்காரர் எடுத்துட்டுப் போயிட்டாருண்ணா" என்றார்கள். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கின்றன. அதற்காகவே பழைய கன்வெர்ட்டரை விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. பில்லில் "கன்வெர்ட்டர் அசெம்பிளி" என்று மட்டும் இருந்தது, பார்ட் நம்பர் கிடையாது.

கரி நிற்கவில்லை. எமிஷன் டெஸ்டிலும் வண்டி தேறவில்லை. பிஎஸ்-4 பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், எனக்கு 1 சதவீதத்தையும் தாண்டியிருந்தது. கடைசியில் லிங்கராஜபுரத்தில் தனியாகக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். முதலில் ஸ்கேனரைத்தான் மாட்டினார். "தம்பி, ரேடியேட்டர் ஹோஸ தொட முடியல, அவ்வளவு சூடு. கம்ப்யூட்டர் என்னடான்னா 35 டிகிரின்னு காட்டுது. இன்ஜின் இன்னும் சூடாகலன்னு நெனச்சு பெட்ரோல ஊத்திக்கிட்டே இருக்கு." கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார்தான் கெட்டிருந்தது. கூலியோடு சேர்த்து 2,000 ரூபாய்கூட ஆகவில்லை. நீல விளக்கு நேரத்துக்கு அணைந்தது, கரி நின்றது.

ஆனால் அடுத்த வாரமே செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி0420 என்ற கோளாறு எண், அதாவது கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை. புத்தம்புதிதாக மாட்டியதாகச் சொன்ன கன்வெர்ட்டர்! இன்ஜின் சூடானதாகவே வண்டியின் கம்ப்யூட்டர் கருதாத வரை, கன்வெர்ட்டரை அது சோதிக்கவே இல்லை, அதனால்தான் குட்டு இவ்வளவு நாள் மறைந்திருந்தது. பெரியவர் வண்டியைத் தூக்கி, கீழே தட்டிப் பார்த்தார். வெற்று டப்பா சத்தம். என் கண் முன்னால் வெட்டித் திறந்தார். தேன்கூடு போன்ற பீங்கான் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை, ஒரு வெறும் தகரக் கூடு. இதற்குத்தான் 38,000. மாசு விதியை மீறிய வண்டி என்று பிடித்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். கேட்பது கேரேஜ்காரரை இல்லை, வண்டியை ஓட்டுகிற நம்மை.

ஆகவே வேலையை ஒப்புக்கொள்ளும் முன் ஸ்கேனர் ரீடிங்கை உங்கள் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பொருள் எனக்கு வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். பில்லில் பார்ட் நம்பர் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். எழுத மாட்டேன் என்கிறவர் யாரென்று அப்போதே தெரிந்துவிடும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதன் பிறகு கேரேஜிலிருந்து கூப்பிட்டு, பாதிப் பணம் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார்கள். மறுத்துவிட்டேன். முழுத் தொகையும் என் பழைய கன்வெர்ட்டரின் மதிப்பும் வர வேண்டும். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. வெட்டிய டப்பா, பில், ஜாப் கார்டு எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இதேபோல் கன்வெர்ட்டர் மாற்றியவர்கள் யாராவது இருந்தால், வண்டியை ஒருமுறை தூக்கித் தட்டிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.