தக்காளிக் கிளை: டம்ளரா, தொட்டியா?

தக்காளிச் செடியில் இலைக்கும் தண்டுக்கும் இடுக்கில் பக்கக் கிளை முளைக்கும். பெரும்பாலும் அதைக் கிள்ளிக் குப்பையில் போட்டுவிடுவோம். அது ஆறு அங்குலம் இருந்தாலே இன்னொரு செடி ஆகிவிடும். வேர் பிடிக்க வைப்பது தண்ணீரிலா, நேராக மண்ணிலா என்பதில்தான் இரண்டு கட்சி.

தண்ணீரில் வைத்தால் நடப்பது கண்ணுக்குத் தெரியும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு டம்ளரில் நிறுத்தினால், சில நாளில் தண்டின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புடைக்கும். ஒரு வாரம், பத்து நாளில் வேர் நீளும். இலையும் அவ்வளவாக வாடாது. தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மறந்தால் தண்டு வழவழத்து நாறும்.

வம்பு அதற்குப் பிறகுதான். தண்ணீரில் வளர்ந்த வேர் தொட்டாலே ஒடியும், மண்ணுக்குப் பழகவும் நாளாகும். பார்க்க அழகாக இருக்கிறதே என்று ஒருமுறை சாண் நீளம் வரும்வரை விட்டுவைத்தேன். சிக்கலைப் பிரித்து நடுவதற்குள் பாதி வேர் போய்விட்டது. செடி ஒரு வாரம் தலை தொங்கிக் கிடந்தது. ஒரு அங்குலம் வந்ததுமே மாற்றியிருக்க வேண்டும்.

மண்ணில் நட்டால் முதல் மூன்று நாள் பொறுக்காது. செத்தே போச்சு என்று தோன்றும் அளவுக்குத் துவளும். பிடுங்கிப் பார்க்கக் கை அரிக்கும், பார்க்கக் கூடாது. இரண்டு கணு புதையும்படி நட்டு, பூ, மொட்டு இருந்தால் கிள்ளிவிட்டு, நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். வேர்விடத் தூண்டும் தூள் வாங்குவது வீண்செலவு. தக்காளித் தண்டு தானாகவே வேர்விடும். இரண்டு வாரம் கழித்து லேசாக இழுத்தால் பிடிமானம் தெரியும். அந்த வேர் மண்ணிலேயே பிறந்தது, மறுபடி பழக வேண்டியதில்லை.

விதையோடு ஒப்பிட்டால் இரண்டுமே வேகம்தான். விதை போட்டு நடுகிற அளவு நாற்றாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். வீரிய ரகப் பழத்து விதையில் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது, கிளையில் வரும். ஆனால் நோயும் கூடவே வரும். இலைச்சுருள் கண்ட செடியில் கிளை எடுக்காதீர்கள்.

என் ஓட்டு மண்ணுக்கு. காற்றில் ஒடிந்து ஏற்கெனவே துவண்ட கிளை என்றால் மட்டும் ஒரு ராத்திரி தண்ணீரில் நிறுத்தி, நிமிர்ந்ததும் மறுநாள் சாயங்காலம் தொட்டிக்கு மாற்றிவிடுவேன்.