பாதாமா, தேங்காயா, கடலை மாவா: சப்பாத்திக் கட்டையில் எது நிற்கும்?

சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டுச் சப்பாத்திக்கு மாறுவது நம் வீடுகளில் வழக்கம். ஆனால் 100 கிராம் கோதுமை மாவில் சுமார் 70 கிராம் மாவுச்சத்து. கேழ்வரகும் அதே கணக்குதான். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் இல்லை என்பதற்காக அதில் மாவுச்சத்தும் இருக்காது என்று நம்பி வாங்குகிறவர்கள் ஏராளம்.

கடலை மாவில் 55-60 கிராம். புரதம் 20 கிராமுக்கு மேல் இருப்பதால் கோதுமைக்கு ஒரு படி மேல், அவ்வளவே. வெங்காயமும் முருங்கைக்கீரையும் போட்டுத் தோசையாக ஊற்றினால் ருசியில் இதை அடிக்க ஆளில்லை. தானியம், பருப்பு வகைகளைத் தவிர்க்கும் பேலியோ உணவுமுறைக்காரர்கள் மட்டும் தொட மாட்டார்கள்.

நிஜப் போட்டி பாதாமுக்கும் தேங்காய்க்கும்தான். பாதாம் மாவில் மாவுச்சத்து 20 கிராம் அளவுதான். அதிலும் பாதி, சர்க்கரையை ஏற்றாத நார்ச்சத்து. ஆனால் கொழுப்பு 50 கிராம், கலோரி 600-ஐ நெருங்கும். எடை குறைக்க வந்தவர்கள் எண்ணிச் சாப்பிட வேண்டும். மிக்ஸியில் விட்டு விட்டுத்தான் அரைக்க வேண்டும், தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் பிரிந்து விழுதாகிவிடும். விலையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

தேங்காய் மாவு சிக்கனம். பால் பிழிந்த சக்கையைக் காயவைத்து அரைத்தாலே போதும். பாக்கெட்டில் 60 கிராம் மாவுச்சத்து என்று பார்த்து மிரள வேண்டாம், பாதிக்கு மேல் நார்ச்சத்து. ஆனால் தண்ணீரை அசுரத்தனமாகக் குடிக்கும். ஒரு கப் கோதுமை மாவுக்குப் பதில் கால் கப் எடுத்தாலே போதும், முட்டையும் தாராளமாக வேண்டும். கேக், பணியாரத்துக்குச் சரி, தேய்க்க உதவாது.

உண்மையில் இரண்டுமே தனியாக உருளாது. கோதுமையை இழுபட வைக்கும் குளூட்டன் இவற்றில் கிடையாது. அந்த வேலையைச் செய்வது மலச்சிக்கலுக்கு வாங்கும் இசப்கோல் உமிதான். ஒரு கப் பாதாம் மாவுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி உமி, உப்பு, வெந்நீர். பிசைந்து பத்து நிமிடம் மூடி வையுங்கள். இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் தேய்த்து, சிறு தீயில் சுடுங்கள். பாதாம் சட்டென்று கருகும். உமி கூடினால் ரப்பர்தான். சில கம்பெனி உமி சூட்டில் ஊதா நிறமாகும், பயப்பட வேண்டாம்.

மருந்து உடலில் சேர்வதை இந்த உமி தாமதப்படுத்தும் என்பதால் மாத்திரையையும் இந்த ரொட்டியையும் சேர்த்து எடுக்காதீர்கள். இன்சுலின் போடுகிறவர்கள் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். டாக்டரிடம் கேட்டு அளவை மாற்றிக்கொண்டு ஆரம்பியுங்கள்.