ரெவிட்டா, ஐ.எஃப்.சி.யா? கூட்டுக்குடித்தனமும் தனிக்குடித்தனமும்

பீமுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவே 300 மி.மீ. இடம் இருக்கட்டும் என்று ஆர்க்கிடெக்ட் வைத்திருப்பார். அதில் 280 மி.மீ. உயர டக்ட்டை, அதாவது குளிர்காற்றுக் குழாயை, ஏசி பொறியாளர் ஓட்டியிருப்பார். இதற்குள் ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் கணக்கைத் திரும்பப் போட்டு, பீமின் ஆழத்தை 150 மி.மீ. கூட்டியிருப்பார். தனித்தனியாகப் பார்த்தால் மூன்று வரைபடமும் சரிதான். கான்கிரீட் போட்டு, சென்ட்ரிங் பிரித்து, டக்ட் மாட்ட வந்தவர் ஏணியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போதுதான் மூன்றும் சேர்ந்தால் தப்பு என்று தெரியவரும். அப்புறம் என்ன, கான்கிரீட்டில் துளை போடும் கோர் கட்டிங் ஆளைத் தேட வேண்டியதுதான்.

இந்த ஏணிக் காட்சியைக் கணினித் திரையிலேயே பார்த்து முடித்துவிடுவதற்காக வந்ததுதான் பிம் என்கிற கட்டடத் தகவல் மாடல் முறை. அதில் சுவர் என்பது வெறும் இரண்டு கோடு அல்ல. எந்தத் தளத்தில் நிற்கிறது, என்ன தடிமன், எதனால் ஆனது, எத்தனை மணி நேரம் தீயைத் தாங்கும் என்ற விவரமெல்லாம் அந்தச் சுவரோடு கூடவே வரும். இதுவரை சண்டை இல்லை. நாலைந்து அலுவலகங்கள் ஒரே கட்டடத்துக்கு மாடல் செய்யும்போது எப்படிச் சேர்ந்து வேலை செய்வது என்று கேட்டால்தான் சண்டை ஆரம்பிக்கும்.

இரண்டு கட்சிகள் உண்டு. எல்லோரும் ஒரே நிறுவனத்தின் மென்பொருளை வாங்கி, ஒரே மேகச் சேமிப்பில் வேலை செய்யலாம் என்பது ஒரு கட்சி. நடைமுறையில் இது பெரும்பாலும் ஆட்டோடெஸ்க்கின் ரெவிட்டும் அதன் கிளவுடும்தான். அவரவர் தமக்குப் பிடித்த மென்பொருளில் வரையட்டும், பரிமாறிக்கொள்வது மட்டும் ஐ.எஃப்.சி. என்ற பொது வடிவத்தில் இருக்கட்டும் என்பது மறு கட்சி. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் கூட்டுக்குடித்தனமும் தனிக்குடித்தனமும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: டி.டபிள்யூ.ஜி. எனப்படும் வெறும் கோட்டு வரைபட ஃபைல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்து, வாட்ஸ்அப்பில் சிவப்பு வட்டம் போட்டு அனுப்புவது. இரண்டு மாடி வீட்டுக்கு அது போதும். அதைக் கேலி செய்ய மாட்டேன், என் சொந்த வீடு அப்படித்தான் எழும்பியது. ஆனால் ஆஸ்பத்திரி, மெட்ரோ நிலையம் என்று போனால் அது தாங்காது. அதை இதோடு விட்டுவிடலாம்.

கூட்டுக்குடித்தனம்

ரெவிட்டின் முதல் பதிப்பு 2000-இல் வந்தது. 2002-இல் ஆட்டோடெஸ்க் அதை 13.3 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் பெரிய பலம் பலர் ஒரே மாடலில் ஒரே நேரத்தில் வேலை செய்வது. நடுவில் ஒரு சென்ட்ரல் ஃபைல் இருக்கும். ஒவ்வொருவர் கணினியிலும் அதன் நகல் ஒன்று இருக்கும். நான் ஒரு கதவைத் தொட்டால் அது என் பெயரில் கடன் போகும், நான் சிங்க் செய்து திருப்பிக் கொடுக்கும்வரை மற்றவர் அதில் கை வைக்க முடியாது. வேறு அலுவலகத்தின் மாடலை லிங்க் செய்து, அவர்களுடைய கிரிட்டையும் (தூண்களின் இடம் குறிக்கும் கோட்டுக் கட்டம்) தள மட்டங்களையும் நம் மாடலோடு கட்டி வைக்கலாம். அங்கே மாறினால் இங்கே எச்சரிக்கை வரும். ஹங்கேரியில் பிறந்த ஆர்க்கிகேட் என்ற மென்பொருளிலும் டீம்வொர்க் என்ற பெயரில் இதே மாதிரி வசதி உண்டு.

டிசைன் இன்னும் நிலைக்கு வராத மாதங்களில் இந்த முறைக்கு ஈடு இல்லை. காலையில் ஆர்க்கிடெக்ட் லிஃப்ட் ஷாஃப்ட்டை நகர்த்துகிறார், மதியம் பிளம்பிங் அணி அதைப் பார்த்துக் குழாயைத் திருப்புகிறது. ஏற்றுமதி, இறக்குமதி எதுவும் கிடையாது. சுவர் சுவராகவே இருக்கும், அதன் பாராமீட்டர்களும் உயிரோடு இருக்கும்.

சங்கடமும் அங்கேயேதான் பிறக்கிறது. வெளிநாட்டு வேலைகளை எடுத்துச் செய்யும் ஓர் அலுவலகத்தில் நான் இருந்தபோது, ஆர்க்கிடெக்சரும் ஸ்ட்ரக்சரும் ஒரே ஃபைலில் ஓடிய வேலை ஒன்று வந்தது. சீலிங் உயரம் போதவில்லை என்று எங்களில் ஒருவர் மூன்றாம் தளத்தின் மட்டத்தை 150 மி.மீ. இறக்கினார். அந்த மட்டத்தோடு கட்டியிருந்த பீம்கள் சத்தமில்லாமல் கூடவே இறங்கின. கம்பி வரைபடம் போடும் கட்டத்தில், தூணின் உயரமும் கணக்கில் இருந்த உயரமும் ஒத்துப்போகவில்லை என்று ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் கண்டுபிடித்தார். யார் செய்தது என்று பார்த்தால், கடைசியாகத் தொட்டவர் பெயரை மட்டும் மென்பொருள் காட்டியது. அதற்குள் பத்துப் பேர் தொட்டிருந்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. சமையலறை பொதுவாக இருந்தால் உப்பு யார் போட்டது என்று கேட்டுப் பயனில்லை.

இரண்டாவது தொல்லை பதிப்பு. ரெவிட் ஃபைலைப் புதிய பதிப்பில் திறந்து சேமித்துவிட்டால் பழைய பதிப்பில் திறக்காது. எனவே ஐந்து அலுவலகங்களும் ஒரே ஆண்டின் பதிப்பில் உட்கார வேண்டும், ஏறினால் ஒரே நாளில் ஏற வேண்டும். 'எல்லோரும் ஒரே கம்பெனி மென்பொருள்தானே' என்ற நிம்மதி எவ்வளவு மெல்லியது என்று பார்க்க, கட்டடத்தை விட்டு விமானத்துக்குப் போகலாம். 2006-இல் ஏர்பஸ் ஏ380 தாமதமானதற்கு முக்கியக் காரணம் மின்வயர்கள். ஒரு விமானத்தில் சுமார் 530 கி.மீ. வயர். ஹாம்பர்க்கில் இருந்தவர்கள் கேட்டியா என்ற வடிவமைப்பு மென்பொருளின் 4-ஆம் பதிப்பிலும், துலூஸில் இருந்தவர்கள் 5-ஆம் பதிப்பிலும் வேலை செய்தார்கள். விமானத்தில் பூட்டப் போனபோது வயரின் நீளம் பற்றவில்லை. ஒரே நிறுவனத்தின் மென்பொருள்தான், பதிப்பு மட்டும்தான் வேறு.

மூன்றாவது, வாடகை. ஆட்டோடெஸ்க் 2016-இல் புதிய நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திவிட்டுச் சந்தாவுக்கு மாறியது. 2020 ஜூலையில் ஜாஹா ஹதித் ஆர்க்கிடெக்ட்ஸ், கிரிம்ஷா உள்ளிட்ட பிரிட்டிஷ் ஆர்க்கிடெக்ட் நிறுவனங்கள், ரெவிட்டின் விலை ஏறுகிறது, வளர்ச்சியோ அந்த அளவுக்கு இல்லை என்று ஆட்டோடெஸ்க்கின் தலைவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. அவ்வளவு பெரிய நிறுவனங்களே வேறு கடைக்குப் போகாமல் கடிதம் எழுதின என்பதைக் கவனியுங்கள். பத்து வருட மாடல்களும், பழகிய ஆட்களும், கூட்டாளிகளின் ஃபைல்களும் உள்ளே இருக்கும்போது வீட்டைக் காலி செய்வது லேசு இல்லை.

தனிக்குடித்தனம்

ஐ.எஃப்.சி.யின் பிறப்பில் ஒரு வேடிக்கை. 1994-இல் அதற்கான முதல் கூட்டத்தைக் கூட்டியதே ஆட்டோடெஸ்க்தான். அது பிறகு எல்லோருக்குமான அமைப்பாக விரிந்து, இன்று பில்டிங்ஸ்மார்ட் என்ற பெயரில் இயங்குகிறது. 2013-இல் ஐ.எஃப்.சி. 4 பதிப்பு ஐ.எஸ்.ஓ. 16739 என்ற முழுத் தரமானது. 2024-இல் ஏற்கப்பட்ட 4.3 பதிப்பில் சாலை, ரயில், பாலம் எல்லாம் சேர்ந்துவிட்டன.

இந்த முறையில் ஸ்ட்ரக்சுரல் ஆள் டெக்லா என்ற மென்பொருளில் வரைவார், ஆர்க்கிடெக்ட் ஆர்க்கிகேட்டிலோ ரெவிட்டிலோ வரைவார். குறித்த நாளில் அவரவர் மாடலை ஐ.எஃப்.சி.யாக வெளியே தள்ளுவார்கள். சொலிப்ரி போன்ற சரிபார்ப்பு மென்பொருள் ஒன்றில் எல்லாவற்றையும் அடுக்கி, எது எதில் இடிக்கிறது என்று பார்ப்பார்கள். இடிப்பதைச் சொல்ல பி.சி.எஃப். என்று ஒரு சின்ன ஃபைல் உண்டு. அதில் மாடல் இருக்காது. எந்தப் பொருள் என்பதற்கு 22 எழுத்து அடையாளம், எந்தக் கோணத்தில் நின்று பார்க்க வேண்டும் என்ற கேமரா இடம், ஒரு படம், ஒரு குறிப்பு, அவ்வளவுதான். அதைத் தன் மென்பொருளில் திறந்தால் அதே பீமின் அடியில், அதே கோணத்தில் போய் நிற்கலாம். 'மூணாவது மாடி, பம்ப் ரூம் பக்கத்துல, இடது ஓரம்' என்று போனில் வழி சொல்லிப் பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இதன் குறைகளைப் பக்கம் பக்கமாக எழுதலாம். முதலாவது ஆயப்புள்ளி, அதாவது அளவுகள் எல்லாம் தொடங்கும் பூஜ்ஜியப் புள்ளி. ஒருவர் தன் மாடலைச் சர்வே ஆயத்தில் வைத்திருப்பார், மற்றவர் கட்டடத்தின் ஒரு மூலையைப் பூஜ்ஜியமாக வைத்திருப்பார். அடுக்கிப் பார்த்தால் இரும்புக் கூரை பல கிலோமீட்டர் தள்ளி, யாருமில்லாத வெட்டவெளியில் நிற்கும். ரெவிட்டுக்கோ தன் உள் ஆயத்திலிருந்து 16 கி.மீ.க்கு வெளியே வரைந்தால் பிடிக்காது. இரண்டாவது வகைப்படுத்தல். கதவைக் கதவு என்று குறிக்காமல் ஏற்றுமதி செய்தால், அது 'ப்ராக்சி' என்ற பொத்தாம்பொதுவான பெட்டிக்குள் விழும். பிறகு கதவுகளை எண்ணச் சொன்னால் எண்ணிக்கை உதைக்கும். மூன்றாவது, சேர்த்து அனுப்ப வேண்டிய பண்புகளை டிக் செய்ய மறந்தால், தீத்தாங்கும் நேரம் போன்ற முக்கியமான தகவல் வழியிலேயே காணாமல் போகும். ஏற்றுமதி அமைப்பில் ஒரு பெட்டியை டிக் செய்யாததால் எங்கள் அணி இரண்டு நாள் வேலையைத் திரும்பச் செய்த வரலாறும் உண்டு. கூடவே தாமதம் வேறு. வெள்ளிக்கிழமை வந்த மாடலை வைத்துத் திங்கள்கிழமை பேசுவதற்குள் ஷாஃப்ட் நகர்ந்திருக்கும்.

எல்லாவற்றையும்விட அதிகம் கேட்கும் புகார் ஒன்று உண்டு: 'ஐ.எஃப்.சி.யைத் திறந்தால் திருத்த முடியவில்லை, வெறும் கட்டியாக வருகிறது.' இங்கேதான் எனக்கு மாற்றுக் கருத்து. அதைத் திருத்துவதற்காக யாரும் உங்களுக்கு அனுப்பவில்லை. ஐ.எஃப்.சி. 4-இல் 'ரெஃபரன்ஸ் வியூ' என்று ஒரு வகையே இருக்கிறது, பெயரிலேயே விஷயம் இருக்கிறது: பார், ஒப்பிடு, உன் பக்கத்தைச் சரிசெய். அடுத்தவர் பீமில் நான் கை வைக்க முடியாது என்பதைத் தொழில்நுட்பக் குறையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது இரண்டு வீட்டுக்கு நடுவே இருக்கும் மதில் சுவர். அந்தப் பீமுக்குக் கையெழுத்துப் போட்டவர் ஸ்ட்ரக்சுரல் பொறியாளர். அதை இறக்க வேண்டுமானால் நான் பி.சி.எஃப்.பில் கேட்க வேண்டும், அவர் கணக்குப் பார்த்துச் சரி என்றோ முடியாது என்றோ பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதில் தேதியோடு பதிவாக வேண்டும். முன்பு சொன்ன 150 மி.மீ. கதை இந்த அமைப்பில் நடந்தே இருக்காது. தள மட்டத்தை நாங்கள் இறக்கியிருந்தால் பீம்கள் பழைய இடத்திலேயே நின்று, அடுத்த அடுக்கலிலேயே சிவப்பாகக் கத்தியிருக்கும்.

கட்டடத்தின் சொந்தக்காரர் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தராசு இந்தப் பக்கம்தான் சாய்கிறது. பின்லாந்தின் அரசுச் சொத்து அமைப்பான செனட் பிராப்பர்ட்டீஸ் 2007 அக்டோபரிலிருந்தே தன் திட்டங்களுக்கு ஐ.எஃப்.சி. மாடல் கேட்கத் தொடங்கியது. சிங்கப்பூர் 2013-இல் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களின் ஆர்க்கிடெக்சர் அனுமதிக்கும், 2015-இல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டவற்றுக்கும் பிம் மாடலைக் கட்டாயமாக்கியது. 2023 டிசம்பரில் வந்த கோர்நெட் எக்ஸ் என்ற கட்டட அனுமதித் தளத்தில், ஐ.எஃப்.சி.யோடு தன் ஊர் விதிகளுக்கான தகவல்களைச் சேர்த்து 'ஐ.எஃப்.சி. பிளஸ் எஸ்.ஜி.' என்ற வடிவத்தையே கேட்கிறது. கட்டடம் ஐம்பது வருடம் நிற்கும். அதன் மாடலை ஐம்பது வருடமும் திறக்க ஒரு தனியார் நிறுவனத்தின் சந்தாவை நம்பியிருக்க எந்த அரசுக்குத்தான் மனம் வரும்?

ஃபைல் வடிவம் எதுவானாலும் பொது அலமாரி ஒன்று இரண்டு முறைக்கும் வேண்டும். பிம் தகவலை நிர்வகிப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 19650 தரம் அதை நான்கு நிலையாகப் பிரிக்கிறது: வேலையில் இருப்பது, பகிர்ந்தது, வெளியிட்டது, காப்பில் வைத்தது. இதில் முதல் கோட்டை மதித்தாலே பாதிச் சண்டை தீரும். இன்னும் வேலையில் இருக்கும் மாடலை எட்டிப் பார்த்து அதை நம்பி டக்ட் ஓட்டுவது, கொதிக்கும் உலையில் கைவிட்டுச் சோறு பதம் பார்க்கிற வேலை. கிளவுடில் எல்லாமே எல்லோருக்கும் உடனே தெரிவதால் கூட்டுக்குடித்தனத்தில் இந்த ஆசை அதிகம்.

யாருக்கு எது

ஒரே அலுவலகத்துக்குள், ஒரே கூரையின் கீழ் இருக்கும் அணிக்கு யோசிக்காமல் ஒரே மென்பொருள், ஒரே கிளவுட். அங்கே ஐ.எஃப்.சி. பரிமாறிக்கொண்டிருப்பது பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தபால் போடுவது மாதிரி. டிசைனும் கட்டுமானமும் ஒரே ஒப்பந்தக்காரர் கையில் இருந்து, லாப நஷ்டமும் ஒரே பையில் என்றாலும் அதுவே சரி.

தனித்தனி நிறுவனங்கள், தனித்தனி ஒப்பந்தங்கள், தனித்தனிக் கையெழுத்துகள் என்றால் ஐ.எஃப்.சி. எல்லோரிடமும் ரெவிட்டே இருந்தாலும் இதைத்தான் சொல்வேன். ரெவிட் ஃபைல்களை லிங்க்குக்காகத் தாராளமாகப் பகிரலாம், ஆனால் 'இந்தத் தேதியில் இதைத்தான் நான் கொடுத்தேன்' என்று நிற்கும் சாட்சி ஐ.எஃப்.சி.யாக இருக்கட்டும். கான்செப்ட் கட்டத்தில் வாரம் ஒருமுறை அனுப்புவது மெதுவாகத் தெரிந்தால், அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் லிங்க்கை நம்புங்கள், டெண்டருக்கு முன் மதில் சுவரை எழுப்பிவிடுங்கள்.

சின்ன அலுவலகம், சந்தா கட்ட முடியவில்லை என்கிறவர்கள் பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருளுக்குள் இயங்கும் போன்சாயைப் பார்க்கலாம். இலவசம், ஐ.எஃப்.சி.யிலேயே நேரடியாக வரைகிறது. கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் முதல் கூட்டத்துக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். எல்லா அலுவலகத்தையும் கிரிட் ஏ-யும் 1-உம் சந்திக்கும் இடத்தில், தரைத்தள மட்டத்தில், ஒரு மீட்டர் கனசதுரப் பெட்டி ஒன்றை மட்டும் வரைந்து அனுப்பச் சொல்லுங்கள். ஐந்து பெட்டியும் ஒன்றுக்குள் ஒன்றாகச் சரியாக உட்கார்ந்தால் வேலையை ஆரம்பிக்கலாம். எனக்குத் தெரிந்து முதல் தடவையிலேயே அப்படி உட்கார்ந்தது இல்லை. ஒன்று மில்லிமீட்டருக்கும் மீட்டருக்கும் குழம்பி குண்டூசித் தலை அளவில் வரும், ஒன்று வடக்கைப் பார்க்காமல் சாய்ந்து நிற்கும்.